அந்த ஒரு ரூபாய் எங்கே போனது?

“எனக்கெல்லாம் அங்கே இடம் கிடைக்குமா?” இந்தக் கேள்வியைத்தான் முதலில் கொளுத்த வேண்டும், தம்பி. தங்கையே, உனக்கும் சேர்த்தே சொல்கிறேன். மனித உரிமை அமைப்பில் இன்டர்ன்ஷிப் என்று வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்பு வருகிறது. ஆசையோடு திறக்கிறாய். திறந்த வேகத்தில் மூடியும் விடுகிறாய். அதெல்லாம் டெல்லியிலும் பெங்களூரிலும் பெரிய சட்டக் கல்லூரிகளில் படிப்பவர்களுக்கு, சரளமாக ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கு, அப்பா வக்கீலாகவோ அதிகாரியாகவோ இருப்பவர்களுக்கு என்று நீயே தீர்ப்பு எழுதிவிடுகிறாய். அந்த அலுவலகத்தில் யாருக்கும் உன் பெயரே தெரியாது. உன்னை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. விண்ணப்பமே போடாமல் உன்னை நீயே தள்ளுபடி செய்துகொண்டாய். உன் வாய்ப்பை நீயே பறித்துக்கொண்டு, நாளைக்கு அடுத்தவர் உரிமைக்காக எப்படிப் போய் நிற்பாய்?

ஒரு பழைய வழக்கைச் சொல்கிறேன், கேள். 1982இல் டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி. மைதானங்களும் மேம்பாலங்களும் அவசர அவசரமாக எழுந்தன. கட்டியவர்கள் ராஜஸ்தானிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் அழைத்துவரப்பட்ட ஏழைத் தொழிலாளர்கள். ஜனநாயக உரிமைகளுக்கான மக்கள் ஒன்றியம் என்ற அமைப்பு மூன்று சமூக அறிவியலாளர்களை அந்தக் கட்டுமான இடங்களுக்கு அனுப்பியது. சட்டப்படி ஒரு நாள் கூலி 9 ரூபாய் 25 காசு. தொழிலாளியின் கைக்கு வந்தது 8 ரூபாய் 25 காசு. நடுவில் ஒரு ரூபாயை ஆள் கூட்டிவந்த ஜமேதார் கமிஷனாக எடுத்துக்கொண்டிருந்தார். அவர்கள் பார்த்ததை அறிக்கையாக்கினார்கள். அந்த அறிக்கையோடு நீதிபதி பகவதிக்கு ஒரு கடிதம் போனது. அந்தக் கடிதத்தையே உச்ச நீதிமன்றம் ரிட் மனுவாக எடுத்துக்கொண்டது. 1982 செப்டம்பர் 18 அன்று தீர்ப்பு வந்தது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்கினால், அது அரசியல் சாசனத்தின் 23ஆம் பிரிவு தடை செய்திருக்கும் கட்டாய உழைப்புதான் என்றது நீதிமன்றம். இந்தியத் தொழிலாளர் உரிமை வரலாற்றில் மறக்க முடியாத தீர்ப்பு அது.

இப்போது நீ சொல். அந்த ஒரு ரூபாயைக் கண்டுபிடிக்க எந்தப் பெரிய பட்டம் தேவைப்பட்டது? “கையில் எவ்வளவு வந்தது?” என்று கேட்க வேண்டும். சொன்னதை அப்படியே எழுத வேண்டும். மேஸ்திரி எவ்வளவு பிடிப்பார், எந்தக் கணக்கில் பிடிப்பார் என்பது உன் வீட்டுக்குத் தெரியாத ரகசியமா? செங்கல் சூளையில், தேயிலைத் தோட்டத்தில், நூற்பாலை விடுதியில், நூறு நாள் வேலையில் உன் அம்மாவும் சித்தியும் அனுபவித்ததைப் பெரிய ஊர்ப் பிள்ளைகள் புத்தகத்தில் படித்துத்தான் தெரிந்துகொள்கிறார்கள். நீ அதைச் சோற்றோடு பிசைந்து தின்று வளர்ந்தவன். எதைக் குறையென்று மறைத்துக்கொண்டு நிற்கிறாயோ, இந்தத் துறையில் அதுதான் உன் முதல் தகுதி.

இன்டர்ன்ஷிப் என்றதும் கோஷம் போடுவது, பதாகை பிடிப்பது என்று கற்பனை செய்யாதே. வேலை பெரும்பாலும் மேசையில்தான் நடக்கும். ஒருவர் சொன்னதைக் கேட்டுத் தட்டச்சு செய்வாய். முதல் தகவல் அறிக்கையையும் பிரேதப் பரிசோதனைச் சான்றிதழையும் ரிமாண்ட் உத்தரவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நேரத்தை ஒப்பிடுவாய். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு எழுதுவாய். ஒருவரின் உயிரையோ சுதந்திரத்தையோ பற்றிய தகவல் என்றால் 30 நாள் காத்திருக்க வேண்டாம், 48 மணி நேரத்தில் தர வேண்டும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது என்பதை அங்கேதான் கற்பாய். தேதிவாரியாக ஒரு சம்பவப் பட்டியல் போடுவாய். சலிப்பான வேலைபோலத் தோன்றும். சத்தியமாகச் சொல்கிறேன், நீதி அந்தப் பட்டியலில்தான் தொடங்குகிறது.

ஒரிசாவின் சுந்தர்கட் மாவட்டத்தில் 1987 டிசம்பரில் சுமன் பெஹரா என்ற 22 வயது இளைஞனைப் போலீஸ் பிடித்துப் போனது. மறுநாள் ரயில் பாதையில் அவன் உடல் கிடந்தது. தப்பி ஓடியபோது ரயிலில் அடிபட்டுவிட்டான் என்றது போலீஸ். அவன் தாய் நீலாவதி பெஹரா உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அதுவும் ரிட் மனுவானது. நீதிமன்றம் என்னவெல்லாம் கேட்டது என்று பார். தப்பியோடிய கைதியை உடனே தேடியதற்கு ஆதாரம் எங்கே? உடலில் இருந்த காயமெல்லாம் ரயிலில் அடிபட்ட காயம்தானா, தடியால் அடித்த காயமா? ரயில் கதை நிற்கவில்லை. 1993இல் அந்தத் தாய்க்கு ஒன்றரை லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்க உத்தரவு. காவலில் ஒருவர் உயிர் போனால் அரசே பொறுப்பேற்று இழப்பீடு தர வேண்டும் என்ற வாதத்துக்கு இன்றுவரை வக்கீல்கள் எடுத்துக் காட்டுவது அந்தத் தாயின் பெயரில் உள்ள வழக்கைத்தான். அதைப் படித்துப் பார். நேரம், காயம், தேடுதல், சாட்சி என்று கேள்விகள் ஒவ்வொன்றும் எவ்வளவு எளியவை! கேட்கத்தான் ஆள் வேண்டும். அந்த ஆளாக நீ ஏன் இருக்கக் கூடாது?

நம் ஊரில் கைதியின் கையில் மாவுக்கட்டோடு போட்டோ வந்தால் என்ன செய்கிறோம்? “பாத்ரூமில் வழுக்கி விழுந்துட்டாராம்” என்று சிரித்துப் பகிர்கிறோம். அந்தச் சிரிப்பு எனக்கு ஆத்திரத்தை மூட்டுகிறது. இன்று குற்றவாளி என்று நாம் நினைக்கிறவனுக்கு நடப்பதைக் கைதட்டி வரவேற்றால், நாளை கடையைச் சற்று நேரம் கழித்து மூடியவனுக்கும் அதே நடக்கும். நடந்தது. 2020 ஜூன் 19, சாத்தான்குளம். ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடை திறந்திருந்தது என்று சொல்லி ஜெயராஜைக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். கேட்கப் போன மகன் பென்னிக்ஸையும் பிடித்துக்கொண்டார்கள். 22ஆம் தேதி இரவு மகன், 23ஆம் தேதி காலை தந்தை. கோவில்பட்டி கிளைச் சிறையிலிருந்து மருத்துவமனைக்குப் போன இருவரும் பிணமாகத்தான் திரும்பினார்கள்.

அந்தக் காவல் நிலையத்தில் பணியிலிருந்த தலைமைக் காவலர் ரேவதியை நினைத்துப் பார். விசாரிக்க வந்த நீதித்துறை நடுவரிடம், அந்த இரவு முழுக்க இருவரும் அடிக்கப்பட்டதையும் லத்தியிலும் மேசையிலும் ரத்தம் இருந்ததையும் அவர்தான் சொன்னார். வீரமாக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டா சொன்னார்? பயந்துகொண்டே சொன்னார். வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட முதலில் தயங்கினார். பாதுகாப்பு உண்டு என்று உறுதி சொன்ன பிறகு போட்டார். அந்தக் கையெழுத்து மகத்தானது. தைரியம் வந்த பிறகு போகலாம் என்று நீ காத்துக்கொண்டிருக்கிறாயே, அப்படி ஒரு நாள் யாருக்கும் வருவதில்லை. பயம் கூடவே இருக்கும். அதை இடுப்பில் முடிந்துகொண்டு வேலையைச் செய்ய வேண்டும்.

ஒன்று உறுதியாகச் சொல்வேன். விவரம் தெரியத் தெரியக் குரல் நடுக்கம் குறையும். கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன்னால் நிறுத்த வேண்டும், அரசியல் சாசனத்தின் 22ஆம் பிரிவு. காவலில் ஒருவர் இறந்தால் 24 மணி நேரத்துக்குள் தேசிய மனித உரிமை ஆணையத்துக்குத் தகவல் போக வேண்டும், ஆணையம் 1993இலேயே போட்ட விதி. ஒவ்வொரு காவல் நிலையத்திலும் ஒலியும் பதிவாகும் சிசிடிவி இருக்க வேண்டும், 2020 டிசம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. புகார் கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்க வேண்டும் என்பது கிராமத்தில் விவரமான பெரியவருக்குத் தெரியும், கல்லூரியில் படித்த உனக்குத் தெரியாது. இவ்வளவையும் மனப்பாடம் செய்யாமலே உடம்பில் ஏற்றிக்கொள்ள ஒரே வழி, இந்த வேலை நடக்கிற இடத்தில் ஒரு மாதம் போய் உட்காருவதுதான். கைது என்ற சொல்லைக் கேட்டதும் வியர்க்கிற அப்பாவின் பிள்ளை, மாதக் கடைசியில் “எந்தப் பிரிவில் வழக்கு? எத்தனை மணிக்குக் கைது? குறிப்பாணை கொடுத்தீர்களா?” என்று நிதானமாகக் கேட்பான்.

ஆங்கிலம் வராதே என்று சொல்வாய். தேசிய மனித உரிமை ஆணையத்துக்குப் புகாரைத் தமிழிலேயே எழுதலாம், தெரியுமா? எட்டாவது அட்டவணையிலுள்ள எந்த மொழியிலும் எழுதலாம். கட்டணம் ஒரு பைசா கிடையாது. ஆனால் புகார் தெளிவில்லாமல் இருந்தால், பெயர் இல்லாவிட்டால், படிக்க முடியாவிட்டால் எடுத்த எடுப்பிலேயே தள்ளிவிடுவார்கள். சம்பவம் நடந்து ஓராண்டு தாண்டினால் 1993ஆம் வருடச் சட்டத்தின் 36ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். எத்தனை உண்மையான துயரங்கள் இப்படிக் குழம்பிய கடிதங்களாகவும் காலம் கடந்த கடிதங்களாகவும் செத்துப்போயிருக்கும்! திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் வாசலுக்குப் போய்ப் பார். மனு எழுதித் தருபவரின் முன்னால் எத்தனை பேர், தன் வாழ்க்கையை எங்கிருந்து சொல்லத் தொடங்குவது என்று தெரியாமல் நிற்கிறார்கள். நாள், இடம், யார், என்ன செய்தார், யார் பார்த்தார், என்ன வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதத் தெரிந்த ஒரு பிள்ளை அங்கே நூறு பேருக்குச் சமம். ஆங்கிலத்தையும் கற்றுக்கொள், மேல் நீதிமன்றத்துக்குப் போக அது வேண்டும். அது வராத காரணத்தால் மட்டும் வீட்டிலேயே இருந்துவிடாதே.

தமிழில் காது கொடுத்துக் கேட்பதன் அருமை தெரிய வேண்டுமானால் வாச்சாத்தியைப் படி. தருமபுரி மாவட்டத்தில் அரூருக்குப் பக்கத்தில் மலையடிவாரக் கிராமம்; மலையாளிப் பழங்குடி மக்கள் வாழும் ஊர். 1992 ஜூன் 20, சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையும் போலீசும் வருவாய்த் துறையும் சேர்ந்து உள்ளே நுழைந்தன. வீடுகளை நொறுக்கினார்கள். 18 பெண்களைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கினார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்களைச் சிறையில் தள்ளினார்கள். அப்படி எதுவுமே நடக்கவில்லை என்றது அரசு. தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்தினர் அந்தப் பெண்களை நம்பினார்கள். அவர்கள் சொன்னதை வெளியே கொண்டுவந்தார்கள். மார்க்சிஸ்ட் கட்சி வழக்கை விடாமல் நடத்தியது. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். அதற்குள் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள். பன்னிரண்டு வருடம் கழித்து, 2023இல், அதே செப்டம்பர் 29ஆம் தேதி உயர் நீதிமன்றம் அத்தனை மேல்முறையீடுகளையும் தள்ளுபடி செய்தது.

முப்பத்தொரு வருடம்! அந்தப் பெண்கள் தாங்கிய முப்பத்தொரு வருடத்தை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது. நீ செய்யப்போகும் வேலைக்கும் இதில் பாடம் இருக்கிறது. இன்று நீ எழுதிக்கொள்ளும் குறிப்பு அடுத்த வாரமே பலன் தராமல் போகலாம். நீ கல்யாணம் முடித்து, பிள்ளை பெற்று, வேறு வேலைக்குப் போன பிறகும் அந்தக் குறிப்பு ஒரு கோப்பில் இருக்கும். அதனால் தேதியைச் சரியாகப் போடு. அவர் சொல்லாத சொல்லைச் சேர்க்காதே. “சுமார்”, “பலர்”, “கடுமையாக” என்று நழுவாதே. எத்தனை பேர், எதனால் அடித்தார்கள், உடம்பில் எந்த இடம்? மிகைப்படுத்தி எழுதிய ஒரு வரி, உண்மையான பத்து வரிகளையும் குறுக்கு விசாரணையில் கொன்றுவிடும். உணர்ச்சி நெஞ்சில் இருக்கட்டும். தாளில் விவரம் இருக்கட்டும்.

பாதிக்கப்பட்டவர் முன்னால் உட்காரும்போது இன்னொன்றும் நினைவில் வை. அவர் உன் ப்ராஜெக்ட் இல்லை. ஏற்கெனவே நாலு பேரிடம் சொன்னதை உன் ஆர்வத்துக்காக ஐந்தாவது முறை சொல்ல வைக்காதே. அனுமதி கேட்டுப் பதிவு செய். அழுதால் பேனாவைக் கீழே வை. “நிச்சயம் நியாயம் வாங்கித் தருகிறேன் அக்கா” என்று வாக்குக் கொடுக்காதே; அது உன் கையில் இல்லை. அவரோடு செல்ஃபி எடுத்து இன்ஸ்டாகிராமில் போடும் எண்ணம் எழுந்தால், அன்றே பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடு. பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது சட்டப்படி குற்றம் என்பதையும் மறந்துவிடாதே. இரவில் தூக்கம் வராவிட்டால் மூத்தவர்களிடம் சொல். பிறர் துயரத்தைக் கேட்டுக் கேட்டு மனசு கனப்பது இந்த வேலையில் எல்லோருக்கும் வரும். வெட்கப்பட ஒன்றுமில்லை.

வீட்டில் என்ன சொல்வார்கள் என்பதும் எனக்குத் தெரியும். “வேற இடமே கிடைக்கலையா? போலீஸ் கேஸ்னு ஏதாவது ஆயிட்டா அரசாங்க வேலை போயிடுமே கண்ணு.” அம்மாவின் அந்தப் பயத்தைக் கேலி செய்யாதே. இந்த அமைப்புகளுக்கு நெருக்கடி உண்டு. ஆம்னெஸ்டியின் இந்தியக் கிளை வங்கிக் கணக்குகள் முடக்கப்பட்டதால் 2020 செப்டம்பரில் பணியையே நிறுத்தியது. இதை மறைத்து உன்னைக் கூப்பிட எனக்கு மனமில்லை. ஆனால் ஒரு அமைப்பின் அலுவலகத்தில் ஒரு மாதம் ஆவணம் படிப்பது வழக்கும் இல்லை, குற்றமும் இல்லை. உன்னைத் தனியாகக் காவல் நிலையத்துக்கோ பதற்றமான ஊருக்கோ அனுப்புகிற அமைப்பாக இருந்தால் போகாதே. கூட வருபவர் யார், எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று கேள். பெண் பிள்ளை என்றால் அங்கே பாலியல் புகார்க் குழு இருக்கிறதா, தங்குமிடம் எது என்றும் கேள். உரிமை பேசும் இடத்தில் உன் உரிமையைக் கேட்பதற்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம்.

காசு? இதுதான் உண்மையான முள். பல இடங்களில் உதவித்தொகை கிடையாது. 2015இல் ஜெனீவாவில் ஐ.நா. அலுவலகத்தில் சம்பளமில்லாமல் இன்டர்னாக இருந்த ஒரு இளைஞர், ஏரிக்கரையில் கூடாரம் போட்டுத் தங்கிய செய்தி உலகம் முழுக்கப் போனது. ஒரு ரூபாய் பிடித்தம் கட்டாய உழைப்பு என்று வாதாடும் துறை, தன் மேசையில் உட்கார்ந்து உழைக்கும் பிள்ளைக்கு பஸ் காசும் மதியச் சாப்பாடும் கொடுக்கத் தயங்கக் கூடாது. இது என் உறுதியான கருத்து. கூச்சமில்லாமல் கேள்: “பயணப்படி உண்டா? தங்க இடம் உண்டா?” இல்லையென்றால் ஊருக்குப் பக்கத்தில் தேடு. தேசிய மனித உரிமை ஆணையம் கோடையிலும் குளிரிலும் டெல்லியில் நடத்தும் பயிற்சிகளோடு, வீட்டிலிருந்தே சேரக்கூடிய இரண்டு வார ஆன்லைன் பயிற்சியும் நடத்துகிறது. மதுரையில் ஹென்றி திபேன் 1995இல் தொடங்கிய மக்கள் கண்காணிப்பகம் இருக்கிறது. காவல் சித்திரவதைக்கு எதிராக நாட்டிலேயே முன்னால் நிற்கும் அமைப்புகளில் ஒன்று. 2016இல் ஆம்னெஸ்டியின் ஜெர்மன் கிளை அதன் மனித உரிமை விருதை ஹென்றி திபேனுக்குக் கொடுத்தது. மதுரைக்கு உன் ஊரிலிருந்து ஒரு பஸ் இல்லாமலா போகும்?

சட்டம் படிக்கவில்லை என்பதும் சாக்கு. சமூகப் பணி, இதழியல், புள்ளியியல், தமிழ் இலக்கியம், கணினி, மருத்துவம், எல்லாவற்றுக்கும் அங்கே வேலை இருக்கிறது. பிரேதப் பரிசோதனை அறிக்கையை மருத்துவ மாணவன் படித்துச் சொன்னால் வக்கீலுக்கே வெளிச்சம் வரும்.

இனி விண்ணப்பம். இணையத்தில் கிடைக்கும் மாதிரிக் கடிதத்தைத் தொடாதே. “சிறு வயதிலிருந்தே மனித உரிமையில் ஆர்வம் உடையவன்” என்று தொடங்கும் கடிதங்கள் அந்த அலுவலகத்தில் மலையாகக் குவிந்திருக்கும். முதல் பத்தியிலேயே உன் ஊரில் நீ கண்ணால் பார்த்த ஒன்றை எழுது. பட்டா கிடைக்காமல் அலைந்த தாத்தா, தண்ணீர்த் தொட்டிக்குப் போகவிடாமல் தடுக்கப்பட்ட தெரு, கூலி பாக்கி வைத்துவிட்டு மறைந்த ஒப்பந்தக்காரர், எதுவானாலும் சரி. எப்போது நடந்தது, யாருக்கு மனு கொடுத்தார்கள், என்ன பதில் வந்தது என்று தேதியோடு எழுது. அடுத்த பத்தியில் உனக்கு என்ன செய்யத் தெரியும் என்று சொல்: தட்டச்சு, மொழிபெயர்ப்பு, எக்செல், பைக் ஓட்டுவது, மலையாளமோ உருதுவோ பேசுவது. மூன்றாவதில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை வர முடியும். அவ்வளவுதான். இரண்டு பேராசிரியர்களிடம் பரிந்துரை கேள். துறைத்தலைவர் கையெழுத்துக்கு இழுத்தடித்தால் வாசலிலேயே நின்று வாங்கு. அறிவிப்பில் கடைசித் தேதி என்று போட்டிருப்பதற்கு நாலு நாள் முன்பே அனுப்பு. ஒரே இடத்துக்கு அனுப்பிவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு உட்காராதே. ஐந்து இடத்துக்கு அனுப்பு.

பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து மரியாதையாக நினைவூட்டி எழுது. அப்போதும் வரவில்லையா? உன் மாவட்ட நீதிமன்ற வளாகத்துக்குப் போ. அங்கே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு என்று ஒரு பலகை இருக்கும். 1987ஆம் வருடச் சட்டப்படி பெண்களுக்கும் பட்டியலின, பழங்குடி மக்களுக்கும் காவலில் இருப்பவர்களுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் தர வேண்டிய அலுவலகம் அது. உள்ளே போ. சட்டம் சார் தன்னார்வலராகச் சேர என்ன செய்ய வேண்டும், அடுத்த தேர்வு எப்போது என்று கேள். “இப்ப ஒண்ணும் இல்லப்பா, அப்புறம் வா” என்றால், எந்தத் தேதியில் வர வேண்டும் என்று அங்கேயே நின்று கேட்டு எழுதிக்கொள்.